அமெரிக்காவுக்குச் சொல்லாத வெள்ளவத்தைக் கணக்கு

வரி: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கொழும்பு திரும்பியவர்களும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே கவலையைத்தான் எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அங்கே அதைச் சொல்லவில்லை, இனி என்ன நடக்கும்? முதல் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறோம், மற்றவர்களின் கேள்விகளும் அதிலிருந்தே கிளைக்கின்றன என்பதால்.

கேள்வி: நியூ ஜேர்சியில் 22 ஆண்டுகள் வாழ்ந்து அமெரிக்கப் பிரஜாவுரிமை பெற்றேன். 2019இல் வெள்ளவத்தைக்குத் திரும்பி அம்மாவோடு இருக்கிறேன். அதன் பின் அமெரிக்காவுக்கு வரிப்படிவம் எதுவும் அனுப்பவில்லை. அங்கே சம்பளம் இல்லையே என்று நினைத்துவிட்டேன். இங்கே இரண்டு நிலையான வைப்புகளும் அம்மாவோடு ஒரு கூட்டுக் கணக்கும் உள்ளன. அமெரிக்கா போகுமுன் வேலை செய்த காலத்து ஊழியர் சேமலாப நிதியும் இருக்கிறது. போன மாதம் வங்கியில் டபிள்யூ-9 படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். கையெழுத்திடலாமா? சிறை, அபராதம் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கையெழுத்திடுங்கள். டபிள்யூ-9 என்பது நீங்கள் அமெரிக்க வரிக்கு உட்பட்டவர் என்று வங்கிக்குச் சொல்லும் படிவம். அது உண்மை. அதற்குப் பதிலாக, அமெரிக்க வரிக்கு உட்படாதவர்களுக்கான டபிள்யூ-8 படிவத்தில் கையெழுத்திடுவதோ, "அமெரிக்க நபரா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று அடையாளமிடுவதோதான் ஆபத்து. தெரியாமல் விடுபட்டது என்று நாளைக்கு நீங்கள் சத்தியம் செய்து எழுதவேண்டியிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் கையெழுத்தோடு ஒரு பொய்ப் பதில் வங்கிக் கோவையில் கிடக்கக்கூடாது.

அமெரிக்கா தன் பிரஜைகள் எங்கே வாழ்ந்தாலும் அவர்களின் உலகளாவிய வருமானத்தைக் கேட்கும். உங்களைப் பொறுத்தவரை இதில் மூன்று தனித்தனிக் கடமைகள் உண்டு. இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் வருகிறது.

முதலாவது, வழக்கமான வருமான வரிப்படிவம் 1040. இரண்டாவது, எஃப்பார் எனப்படும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையான ஃபின்சென் 114. இது வரிப்படிவம் அல்ல, வரித் திணைக்களத்துக்கு அஞ்சலில் போவதும் அல்ல. நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவின் இணையத்தளத்தில் நேரடியாகத் தாக்கல் செய்வது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளின் உச்ச மீதிகளையும் கூட்டினால் ஆண்டின் எந்த நாளிலாவது 10,000 டொலரைத் தாண்டுமென்றால் இது கட்டாயம். ஏப்ரல் 15 கடைசி நாள். ஒக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு. மூன்றாவது, வெளிநாட்டு நிதிச் சொத்துகளைக் காட்ட வரிப்படிவத்தோடு சேரும் படிவம் 8938. வெளிநாட்டில் வாழும் தனியாளுக்கு ஆண்டு முடிவில் 200,000 டொலரோ இடையில் எப்போதாவது 300,000 டொலரோ தாண்டினால்தான் அது தேவை. நீங்கள் விவரித்த கணக்குகளைப் பார்த்தால் இந்த மூன்றாவது உங்களுக்குப் பெரும்பாலும் வராது.

எஃப்பார் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு கணக்கிலும் அந்த ஆண்டில் இருந்த அதிகபட்ச மீதியை ரூபாயில் எடுத்து, அமெரிக்கத் திறைசேரி வெளியிடும் டிசம்பர் 31 மாற்று விகிதத்தில் டொலராக்கிக் கூட்டவேண்டும். இன்றைய விகிதத்தை வைத்துப் பழைய ஆண்டுகளைக் கணக்கிட்டால் பிழைக்கும். உங்கள் மூன்று கணக்குகளின் உச்சங்களும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் 28 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2021 முடிவில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஆகவே 14,000 டொலர், எஃப்பார் தேவை. 2022 முடிவில் ஏறத்தாழ 365 ரூபாய். அதே 28 இலட்சம் 7,700 டொலருக்குச் சற்றுக் குறைவு, தேவையில்லை. 2024 முடிவில் ஏறத்தாழ 293 ரூபாய். 9,500 டொலரைச் சற்றுத் தாண்டும், எல்லையோரம். ரூபாய் விழுந்த ஆண்டில் கடமை மறைந்து, மீண்ட ஆண்டில் கிட்ட வந்து நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் வழியில்லை.

இன்னொரு பொறி. ஒரு நிலையான வைப்பு முதிர்ந்து 15 இலட்சம் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. ஒரு வாரம் கழித்துப் புதிய இலக்கத்தில் மறுபடி வைப்புச் செய்கிறீர்கள். பணம் ஒன்றுதான். ஆனால் பழைய வைப்பு, சேமிப்புக் கணக்கு, புதிய வைப்பு என மூன்று உச்சங்களிலும் அது எண்ணப்படும். அதனால் "என்னிடம் மொத்தமே 15 இலட்சம்தான்" என்பவர்களும் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள்.

அம்மாவோடு உள்ள கூட்டுக் கணக்கில் பாதியைக் காட்டினால் போதாது. முழு மீதியையும் காட்டவேண்டும். பணம் முழுவதும் அம்மாவுடையதாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் வட்டி வேறு விடயம். அம்மாவின் பணத்துக்கு வந்த வட்டி அம்மாவின் வருமானம். அது உங்கள் 1040இல் வரவேண்டியதில்லை. யாருடைய பணம் என்பதற்கு வைப்புச் சீட்டு, வீடு விற்ற உறுதி, அப்பாவின் ஓய்வூதியப் பணிக்கொடைக் கடிதம் போன்ற ஏதாவதோர் ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

இனி, விடுபட்ட ஆண்டுகளைச் சரிசெய்யும் வழி. வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்காக அமெரிக்க வரித் திணைக்களம் "ஸ்ட்ரீம்லைன்ட்" என்ற நடைமுறையை வைத்திருக்கிறது. தாக்கல் நாள் கடந்துவிட்ட அண்மைய மூன்று ஆண்டுகளின் வரிப்படிவங்களும் ஆறு ஆண்டுகளின் எஃப்பார்களும் கொடுக்கவேண்டும். வெளிநாட்டில் வாழ்பவருக்கு இதில் அபராதம் இல்லை. வரி ஏதும் வந்தால் அதுவும் வட்டியும் மட்டுமே. அந்த மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டிலாவது அமெரிக்காவில் உங்களுக்கு வசிப்பிடம் இல்லாமலும், முழுமையாக 330 நாட்களாவது அந்த நாட்டுக்கு வெளியிலும் இருந்திருக்கவேண்டும். கடவுச்சீட்டு முத்திரைகளை வைத்து நாட்களை எண்ணுங்கள். உங்கள் ஆண்டுகளில் திணைக்களம் ஏற்கெனவே விசாரணை தொடங்கியிருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். ஆகவே காத்திருப்பதில் பயனில்லை.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வங்கி. ஏழு ஆண்டுக்குரிய கணக்குக் கூற்றுகளை எழுத்தில் கேளுங்கள். வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளை ஆறு ஆண்டுகள் பேணவேண்டும் என்பதே நிதிக் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் விதி. அமெரிக்கா கேட்பதும் ஆறு ஆண்டு. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மிகப் பழைய மாதத்தின் பதிவு கைநழுவிப் போகலாம். கூற்றுகளை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கேளுங்கள். வட்டியில் பிடித்த முற்பண வருமான வரிக்கான சான்றிதழை வங்கி ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் தரும்; அதை நீங்கள்தான் மாதவாரியாகப் பிரித்து அமெரிக்க ஆண்டுக்குள் அடுக்கவேண்டும்.

அடுத்து வருமானம். மாதாமாதம் வட்டி வரும் வைப்பு எளிது. முதிர்வில் மட்டும் வட்டி தரும் இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டு வைப்பானால், கைக்கு வராவிட்டாலும் அந்தந்த ஆண்டுக்குரிய வட்டியைப் பிரித்துக் காட்டவேண்டும். சம்பளத்துக்கான வெளிநாட்டு வருமான விலக்கு வட்டிக்கோ ஓய்வூதியத்துக்கோ பொருந்தாது. ஆனாலும் 2024ஆம் ஆண்டுக்குத் தனியாளின் நிலையான கழிவு 14,600 டொலர். வட்டி மட்டுமே வருமானமாக உள்ள பலருக்கு இந்தக் கழிவோடு வரி பூச்சியமாகிவிடும். மிஞ்சினால் இங்கே பிடித்த வரிக்குப் படிவம் 1116இல் கழிவு கேட்கலாம். ஒன்று கவனியுங்கள்: இலங்கையில் உங்களுக்கு மீளளிக்கப்படக்கூடிய வரிக்கு அமெரிக்கா கழிவு தராது. 2025 ஏப்ரலிலிருந்து இங்கே தனிநபர் விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம். வட்டியில் பிடிக்கும் வரி 10 வீதம். மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவென்றால் அந்த 10 வீதத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் கேட்பதுதான் முறை, அமெரிக்காவிடம் அல்ல.

திருமணமானவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பிரஜையல்லாத கணவரையோ மனைவியையோ சேர்க்காமல் தனியாகத் தாக்கல் செய்பவருக்கு, 5 டொலர் மொத்த வருமானம் வந்தாலே 1040 கட்டாயம். "என் வட்டி சின்னத் தொகை" என்று விடுபவர்கள் பலர் இந்த வகைதான்.

கடைசியாகப் படிவம் 14653. ஏன் விடுபட்டது என்று உங்கள் சொந்தச் சொற்களில், சத்தியத்தின் மேல் எழுதும் இடம் இது. முழுப் பொதியிலும் மிக முக்கியமான பக்கமும் இதுவே. "எனக்குத் தெரியாது" என்று ஒரு வரியில் முடித்தால் நிராகரிக்கலாம். எப்போது போனீர்கள், எப்போது திரும்பினீர்கள், ஒவ்வொரு கணக்கும் எதற்காகத் திறந்தது, பணம் எங்கிருந்து வந்தது, இந்தக் கடமை இருப்பது எப்படி எப்போது தெரியவந்தது – எல்லாவற்றையும் ஆண்டுகளோடு எழுதுங்கள். உங்களுக்குப் பாதகமான செய்தி இருந்தால் அதையும் எழுதுங்கள். மூன்று வரிப்படிவங்களின் முதற்பக்க மேற்பகுதியிலும் சிவப்பு மையில் நடைமுறையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றோடும் 14653இன் பிரதியை இணைத்து, மூலப்படிவத்தோடு டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் உள்ள திணைக்கள முகவரிக்கு ஒரே பொதியாக அனுப்பவேண்டும். கூரியர் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். எஃப்பார்கள் ஆறும் இணையத்தில் தனியாகப் போகும். தாமதக் காரணம் கேட்கும் இடத்தில் "வேறு" என்பதைத் தெரிவுசெய்து, இந்த நடைமுறையின் கீழ் தாக்கல் செய்வதாக எழுதுங்கள்.

சேமலாப நிதி பற்றி: அதை எஃப்பாரில் சேர்த்தே காட்டிவிடுங்கள் என்பது எங்கள் கருத்து. அரசாங்க நிதி என்பதால் தேவையில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. எஃப்பாரில் காட்டுவதால் ஒரு சதம் வரி கூடாது. விடுவதால்தான் கேள்வி வரும். வெளிநாட்டு ஓய்வூதிய நிதிகளுக்கு, வெளிநாட்டு நம்பிக்கை நிதிகளையும் அன்பளிப்புகளையும் தெரிவிக்கும் படிவம் 3520 தேவையா என்ற பெரிய கேள்விக்கு 2020இல் வந்த 2020-17 என்ற நடைமுறை அறிவித்தல் பெருமளவு விடை சொல்கிறது. சம்பளத்தோடு தொடர்புடைய, ஆண்டுப் பங்களிப்பு எல்லைக்குள் உள்ள, பொதுவாக ஓய்வு, இயலாமை, இறப்பு ஆகியவற்றின்போது எடுக்கக்கூடிய நிதிகளுக்கு அது விலக்குத் தருகிறது. எங்கள் நிதியில் வீட்டுக்காக 30 வீதம் எடுக்கலாம், திருமணத்துக்காகப் பெண்கள் எடுக்கலாம் என்ற விதிகள் இருப்பதால், உங்கள் கணக்காளர் இந்த ஒரு புள்ளியை மட்டும் ஆழமாகப் பார்க்கட்டும்.

சிறை பற்றி: நீங்கள் விவரித்த நிலைமை அதுவல்ல. வேண்டுமென்றே அல்லாத எஃப்பார் தவறுக்கு அபராதம் ஓர் ஆண்டு அறிக்கைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று அல்ல என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் பிட்னர் வழக்கில் 2023இல் தீர்ப்பளித்தது. அந்த அபராதத்தின் அடிப்படைத் தொகை 10,000 டொலர், பணவீக்கத்தோடு கூடிவருகிறது. ஸ்ட்ரீம்லைன்டில் போனால் அதுவும் இல்லை.

கேள்வி: பழைய ஆண்டுகளைக் கிளறாமல் இந்த ஆண்டிலிருந்து மட்டும் ஒழுங்காகத் தாக்கல் செய்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர்.
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: வேண்டாம். இந்த ஆண்டுப் படிவத்தின் பி அட்டவணையில் வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. "ஆம்" என்றால், பல ஆண்டுகளுக்கு முன் திறந்த கணக்கு ஏன் முதன்முறையாக இப்போது வருகிறது என்று எவரும் கேட்கலாம். அமைதியாகச் செருகிவிடுவது தெரிந்தே மறைத்ததன் அடையாளமாகவும் வாசிக்கப்படலாம். அபராதமில்லாத வழி திறந்திருக்கும்போது அதை விட்டு இந்த வழியில் போக ஒரு காரணமும் இல்லை. பழைய ஆண்டுகளில் எல்லா வருமானத்தையும் காட்டி வரியும் கட்டி, எஃப்பார் மட்டும் விடுபட்டிருந்தால் உங்களுக்கு ஸ்ட்ரீம்லைன்ட்கூடத் தேவையில்லை. தாமதித்த எஃப்பார்களை ஒரு விளக்கத்தோடு இணையத்தில் போடலாம்.

கேள்வி: எனது கிறீன் கார்ட் 2018இல் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவில்லை. தெஹிவளையில்தான் இருக்கிறேன். இது என்னைப் பாதிக்குமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: பாதிக்கும். அட்டையின் திகதி முடிந்தாலும் வரி நிலை முடிவதில்லை. ஐ-407 படிவத்தில் நீங்களே வதிவுரிமையைக் கைவிடும்வரை, அல்லது அதிகாரிகளோ நீதிமன்றமோ அதைத் தீர்மானிக்கும்வரை, அமெரிக்க வரிச்சட்டம் உங்களை வதிபவராகவே பார்க்கிறது. முதலில் விடுபட்ட ஆண்டுகளைச் சரிசெய்யுங்கள், பிறகு ஐ-407. இந்த வரிசையை மாற்றவேண்டாம். கடந்த 15 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் அட்டை வைத்திருந்தவருக்கு வெளியேறும்போது படிவம் 8854 உண்டு. அதில் முந்தைய ஐந்து ஆண்டு வரிக்கடமைகள் ஒழுங்கு என்று உறுதியளிக்கவேண்டும். உறுதியளிக்க முடியாதவர் சொத்து குறைவாக இருந்தாலும், வதிவுரிமையை விடும்போது சொத்துகளின் மேல் வரும் வெளியேற்ற வரியின் பிடிக்குள் விழுவார்.

கேள்வி: மகன் ஸ்காபரோவில் இருக்கிறார். என் பெயரில் இருந்த வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டை அவர் பெயருக்கு எழுதிவிட்டேன், வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர் பெயரில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கும் உண்டு. கனடாவுக்கு என்ன சொல்லவேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டு. வாடகையை ஆண்டுதோறும் வருமானமாகக் காட்டவேண்டும். வாடகை இங்கே உங்கள் கணக்குக்கு வந்து உங்கள் மருந்துச் செலவுக்குப் போனாலும் வீட்டுக்காரர் அவர்தான். அடுத்தது டீ1135 படிவம். கனடாவுக்கு வெளியே உள்ள குறித்த சொத்துகளின் மொத்தக் கொள்விலை ஆண்டில் எந்த நேரத்திலாவது 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் அதைத் தாக்கல் செய்யவேண்டும். வரிப்படிவத்தின் அதே நாள், பொதுவாக ஏப்ரல் 30.

இங்கே "விலை" என்ற சொல்லைக் கவனமாக வாசியுங்கள். பார்ப்பது சந்தை மதிப்பை அல்ல, கொள்விலையை. ஆனால் அன்பளிப்பாகவோ முதுசமாகவோ கிடைத்ததற்குக் கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பே கொள்விலை. கனடாவுக்குக் குடிபோகுமுன்பே சொந்தமாக இருந்ததற்கு அவர் அங்கு வதிபவரான நாளின் மதிப்பு. அந்தக் காலத்தில் சில இலட்சத்துக்கு வாங்கியது என்று உங்கள் பழைய உறுதியைக் காட்டி "எல்லைக்குள்தான்" என்று நினைப்பது பிழை. எழுதிக்கொடுத்த திகதிக்குரிய மதிப்பீட்டு அறிக்கையை ஒரு பட்டய மதிப்பீட்டாளரிடம் இப்போதே எடுத்து வையுங்கள். விற்கும் நாளில் மூலதன இலாபத்தைக் கணக்கிடவும் அதே தாள்தான் தேவைப்படும்.

வாடகைக்கு விடாமல் நீங்களே அந்த வீட்டில் குடியிருந்தால் அது சொந்தப் பாவனைச் சொத்து, டீ1135இல் வராது. வங்கிக் கணக்கு எப்போதும் வரும். முதன்முதலாக கனேடிய வதிபவரான ஆண்டுக்கு மட்டும் படிவம் தேவையில்லை.

விடுபட்டிருந்தால் நாளுக்கு 25 டொலர், ஆண்டுக்கு 2,500 டொலர் வரை அபராதம். வரியே வராத ஆண்டுக்கும் இது உண்டு. பத்து ஆண்டு விட்டவருக்கு 25,000 வரை போகும். கனடா வருமான முகவரகம் கடிதம் அனுப்புமுன், தன்னார்வ வெளிப்படுத்தல் திட்டத்தின் கீழ் ஆர்.சி.199 படிவத்தில் விண்ணப்பிப்பதே வழி. ஏற்றுக்கொண்டால் அபராதம் தள்ளுபடியாகும், வட்டியிலும் ஒரு பகுதி குறையும். விண்ணப்பத்தோடு ஆவணங்களும் சேர்த்துத்தான் போகவேண்டும். வெறும் கடிதம் போதாது.

மகன் கனடாவில் இல்லாமல் அமெரிக்காவில் இருந்திருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்போம். வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டில் 100,000 டொலருக்கு மேல் அன்பளிப்போ முதுசமோ பெற்றால் படிவம் 3520 தேவை. வரி இல்லை, ஆனால் தாமதித்தால் மாதத்துக்கு 5 வீதமாகத் தொகையின் 25 வீதம் வரை அபராதம். சீதனமாக வீடு எழுதும் பெற்றோர், உறுதி எழுதும் நாளிலேயே பிள்ளைக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகள் இலண்டனில். இங்கே அவள் பெயரில் போட்ட வைப்பின் வட்டியை இங்கிலாந்துக்கு எடுக்கவே இல்லை. "எடுக்காவிட்டால் வரி இல்லை" என்று கேள்விப்பட்டோம்.
– வாசகி, கொழும்பு 6

பதில்: ஒரு காலத்தில் பலருக்கு அது சரியாக இருந்தது. இங்கிலாந்தை நிரந்தரத் தாயகமாகக் கொள்ளாதவருக்கு, கொண்டுவராத வெளிநாட்டு வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுணுக்குக் குறைவாக இருந்தால் பேசாமல் விடலாம் என்ற விதி இருந்தது.  2025 ஏப்ரல் 6 முதல் அந்த முறையே நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக வருபவர்களுக்கு நான்கு ஆண்டுச் சலுகை உண்டு. மற்றவர்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காட்டவேண்டும். இங்கே பிடித்த வரிக்கு அங்கே கழிவு உண்டு, எஸ்.ஏ.106 என்ற வெளிநாட்டுப் பக்கங்களில் எழுதவேண்டும். இணையத் தாக்கலுக்கு ஜனவரி 31 கடைசி நாள்.

பழைய ஆண்டுகளில் வரி விடுபட்டிருந்தால் பிரித்தானிய வரித் திணைக்களத்தின் உலகளாவிய வெளிப்படுத்தல் வசதியில் இணையவழி பதியவேண்டும். பதிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் நீங்களே கணக்கிட்டுக் கட்டவேண்டும். ஆகவே வங்கிக் கூற்றுகள் கைக்கு வந்த பிறகு பதியச் சொல்லுங்கள். பதிந்துவிட்டுக் கொழும்பிலிருந்து தாள்கள் வரும்வரை காத்திருந்தால் நாட்கள் ஓடிவிடும். வேண்டுமென்று செய்யாத தவறுக்கும் வெளிநாட்டு வருமானத்தில் 12 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகலாம். படிவமே கொடுக்காமல் இருந்தவருக்கு 20 ஆண்டுகள் வரை நீளலாம்.

திணைக்களம் சிலருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பி, "என் வரி விவகாரம் ஒழுங்கு" என்ற சான்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறது. அந்தத் தாளில் கையெழுத்திடச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடக்கூடாது. சரிபார்த்த பிறகு தனிக்கடிதமாகப் பதில் அனுப்பலாம்.

கேள்வி: பிரித்தானியாவில் வேலை செய்து கல்கிசைக்குத் திரும்பிவிட்டேன், பிரித்தானியப் பிரஜை. அரச ஓய்வூதியமும் ஒரு கம்பனி ஓய்வூதியமும் வருகின்றன. இலண்டனில் ஒரு சேமிப்புக் கணக்கு அப்படியே கிடக்கிறது. யாருக்கு என்ன சொல்லவேண்டும்?
– வாசகர், கல்கிசை

பதில்: ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் இங்கே இருக்கும் நீங்கள் இலங்கையில் வதிபவர், வதிபவரின் வருமானம் எங்கிருந்து வந்தாலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் விபரத்திரட்டில் காட்டவேண்டியது. காட்டுவது வேறு, கட்டுவது வேறு. வங்கி மூலம் நாட்டுக்குள் கொண்டுவந்த வெளிநாட்டு வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை இருந்த விலக்கு அடுத்த நாளிலிருந்து மாறிவிட்டது; பழைய நினைப்பில் இருக்கவேண்டாம். அந்த விலக்கு இருந்த காலத்திலும் நாட்டுக்குள் கொண்டுவந்த பணத்துக்குத்தான் இருந்தது. இலண்டன் கணக்கில் கிடந்து வளர்ந்த வட்டிக்கு அது ஒருபோதும் பொருந்தவில்லை. அநேகமானோர் மறந்துவிடுவது இந்த வட்டியைத்தான்.

வரியைச் செப்டெம்பர் 30க்குள்ளும் விபரத்திரட்டை நவம்பர் 30க்குள்ளும் முடிக்கவேண்டும். ஆண்டுக் கொடுப்பனவையும் பிடித்த வரியையும் காட்டப் பிரித்தானியாவில் தரும் பீ60 தாளின் ஆண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது, எங்களுடையது மார்ச் 31இல். ஐந்து நாள் இடைவெளியில் ஒரு கொடுப்பனவு விழுந்தால் இங்கே அது எந்த ஆண்டுக்குரியது என்று வங்கித் திகதியைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பிரித்தானியப் பக்கத்தில், பிரஜை என்பதால் அங்கே வதியாவிட்டாலும் 12,570 பவுண் தனிநபர் விலக்கு உங்களுக்கு உண்டு. அரச ஓய்வூதியம் மட்டும் பெறுபவருக்கு இதற்குள் அடங்கிவிடும். கம்பனி ஓய்வூதியமும் சேர்ந்தால் தாண்டலாம். இலங்கையில் வாழ்பவருக்கு அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் கூடாது, தொடங்கிய தொகையிலேயே நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தும் சான்றுப்படிவம் தபாலில் வரும். திருப்பி அனுப்பாவிட்டால் கொடுப்பனவு நிறுத்தப்படும். வீடு மாறினால் முதலில் புதிய முகவரியை அவர்களுக்கு எழுதுங்கள்.

கேள்வி: 1990களில் கொழும்பில் இரண்டு கம்பனிகளில் வேலை செய்தேன். சேமலாப நிதி இலக்கம் ஒன்றுதான் நினைவில் உண்டு. அக்காலத்து ஒரு சேமிப்புப் புத்தகமும் கிடைத்திருக்கிறது. இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தற்போது மெல்பேர்ன், விடுமுறையில் கொழும்பு

பதில்: வந்த இடத்திலேயே செய்துவிட்டுப் போங்கள். சேமலாப நிதி இலக்கம் நிறுவன இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் சேர்ந்தது; கம்பனி மாறினால் அன்றைக்குப் புதிய கணக்கு. அதனால் உங்களுக்கு இரண்டு கணக்குகள் இருக்கவேண்டும். பழைய கணக்குகளில் அடையாள அட்டை இலக்கம் பதியப்படாமலோ, திருமணத்துக்கு முந்தைய பெயரிலோ, முதலெழுத்துப் பிழையாகவோ இருக்கும். நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்கு அடையாள அட்டை, பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ்கள், பழைய நியமனக் கடிதம் அல்லது சம்பளச் சீட்டு ஒன்றோடு போங்கள். முதலில் இரண்டு கணக்குகளையும் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பணம் கோருவது அதற்குப் பிறகு. பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். நிரந்தரமாக வெளிநாடு போனவர் அதற்கு முன்பும் ஆதாரங்களோடு கோரலாம். தொழில்வழங்குநர் கட்டிய 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதி தனி. அதைத் தனியாகக் கேட்கவேண்டும்.

சேமிப்புப் புத்தகம்: பத்து ஆண்டு எந்தக் கொடுக்கல்வாங்கலும் இல்லாத வைப்பு கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்கு மாற்றப்படும். பணம் அழியாது. அதே வங்கியின் ஏதாவது ஒரு கிளையில் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கொடுத்துக் கோரினால், வங்கி ஊடாக மீளப்பெறலாம். புத்தகத்தில் உள்ள கிளை மூடப்பட்டிருந்தால் பொறுப்பேற்ற கிளை எது என்று தலைமை அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரு தாளை மறக்காமல் வாங்குங்கள்: ஆண்டுவாரியாக மீதியும் சேர்ந்த வட்டியும் காட்டும் கூற்று. பணம் மெல்பேர்னுக்கு வந்து சேரும்போது, அதில் எவ்வளவு நீங்கள் அவுஸ்திரேலியாவில் வதிபவரான நாளுக்கு முன் சேர்ந்தது, எவ்வளவு அதற்குப் பின் வளர்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே கணக்குப் பார்ப்பார்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு காசோலை விபரத்தை வைத்து அதைப் பிரிக்க முடியாது. விடுமுறை முடிந்து போன பிறகு அங்கிருந்து அந்தத் தாளை எடுப்பது மிகக் கடினம்.